பாறையைக் குடைந்த நிலத்தடி ஊர்களை ஆய்வது எப்படி?

துருக்கியின் கப்படோக்கியாவில், எரிமலைச் சாம்பல் இறுகி உருவான மென்பாறையைக் குடைந்து அமைத்த நிலத்தடி ஊர்கள் பல உள்ளன. அவற்றுள் 1963-இல் வெளித்தெரிந்த டெரின்குயு, ஏறத்தாழ 85 மீட்டர் ஆழம் வரை அடுக்கடுக்காக இறங்குகிறது. இங்கே எதுவும் கட்டி எழுப்பப்படவில்லை. பாறைதான் வெட்டி அகற்றப்பட்டிருக்கிறது. மண்ணடுக்குகளை வைத்துக் காலவரிசை காணும் வழக்கமான முறை இத்தகைய இடங்களில் பாதியளவே உதவும் என்பதால், சுவரையே முதன்மைச் சான்றாகக் கொள்ள வேண்டும்.

தொல்லியல் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இன்றி உள்ளே காலடி வைக்கக் கூடாது. தனியாக இறங்குவதும் கூடாது. காற்றோட்டம் இல்லாத கீழ் அறைகளில் கரியமில வாயு தேங்கக்கூடும். ஆகவே வாயு அளக்கும் கருவியை முன்னே செல்பவர் ஏந்த வேண்டும், ஒருவர் வெளியே காத்திருக்க வேண்டும்.

நுழைவாயிலில் தொடங்கி, அளவுப் புள்ளிகளை ஒன்றிலிருந்து அடுத்தது தெரியும்படி அமைத்து, தொலைவு, திசை, சாய்வு மூன்றையும் குறித்துக்கொண்டே செல்லுங்கள். வேறு வழியாகச் சுற்றித் தொடங்கிய புள்ளிக்கே திரும்பும்போதுதான் அளவின் பிழை தெரியும். தளப்படம் மட்டும் போதாது. அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால், மேலிருந்து கீழாக வெட்டிப் பார்ப்பதுபோல் வரையும் நெடுவெட்டுப் படமும் கட்டாயம் வேண்டும்.

அதிக நேரம் செலவிட வேண்டியது உளித் தடங்களில்தான். சுவரைத் துடைக்காதீர்கள், கைவிளக்கைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் மறைந்திருக்கும் சாய்ந்த கோடுகள் நிழல் விழுந்து எழும்பித் தெரியும். அவற்றின் சாய்வு, வெட்டியவர் எந்தப் பக்கமிருந்து முன்னேறினார் என்பதைக் காட்டும். எதிரெதிரே வரும் தடங்கள் சந்திக்கும் இடத்தில் கூரையோ தளமோ சற்று ஏறி இறங்கியிருந்தால், இரு பக்கமிருந்தும் குடைந்து வந்து இணைத்திருக்கிறார்கள் எனக் கொள்ளலாம். விளக்குக் கரி படிந்த பழைய தடத்தைப் புதிய தடம் வெட்டிச் செல்லுமானால், அறை பின்னர் விரிவாக்கப்பட்டது என்று பொருள்.

வழிகளை அடைக்கும் வட்டக் கல் கதவுகளையும் இதே கவனத்தோடு பாருங்கள். கல்லை உருட்டி ஒதுக்கும் பள்ளம் எந்தப் பக்கம் உள்ளதோ, காக்கப்பட்ட பகுதி அந்தப் பக்கம். ஒரே வளாகத்தில் கதவுகள் வெவ்வேறு திசை பார்த்தால், தனித்தனியாக இருந்த பகுதிகள் பிற்காலத்தில் இணைக்கப்பட்டனவா என்று ஆராய வேண்டும்.

காலக் கணிப்பில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். தளத்தில் கிடக்கும் பானை ஓடு பயன்பாட்டின் காலத்தையே சொல்லும், குடைந்த காலத்தை அன்று. இந்த வட்டாரத்துக் கிரேக்கக் கிறித்தவர்கள் 1923-ஆம் ஆண்டில் கிரேக்கமும் துருக்கியும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்றத்தில் வெளியேறும் வரை இவ்விடங்கள் புழக்கத்தில் இருந்தன. நிலத்தடி வீடுகளைப் பற்றிக் பண்டைக் கிரேக்க எழுத்தாளர் செனபோன் எழுதியதை டெரின்குயுவுக்குச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. அவர் விவரித்தது ஆர்மீனிய மலைப்பகுதியின் வீடுகளை. எனவே அறிக்கையில் ஒவ்வொரு அறைக்கும் ‘இதற்கு முந்தியது’, ‘இதற்குப் பிந்தியது’ என்ற உறவை முதலில் எழுதுங்கள். ஆண்டு எண்ணைச் சான்று கிடைத்த அறைக்கு மட்டும் தாருங்கள்.