பழைய டீசல் காருக்கு எந்த ஆயில்? டப்பாவின் பின்பக்கம் பாருங்கள்

கடைக்குப் போய் "நல்ல ஆயிலா குடுங்க" என்று கேட்பதை முதலில் விடுங்கள். டப்பாவைத் திருப்பினால் இரண்டு குறியீடுகள் இருக்கும், கம்பெனி பெயரைவிட அவைதான் முக்கியம்.

ஒன்று 15டபிள்யூ-40 மாதிரி இருக்கும். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதையும், பின்னால் உள்ளது 100 டிகிரிச் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் சொல்லும். டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத பழைய இண்டிகா டீசலுக்கு நம் ஊர் வெயிலில் 15டபிள்யூ-40 தாராளம். ஆனால் டீசல் ஸ்விஃப்ட்டின் 1248 சிசி இன்ஜினுக்கு அதே கணக்கைப் போடாதீர்கள், அதில் டைமிங் செயினை (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலி) இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரே ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது, காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் சட்டென்று மேலே ஏறியாக வேண்டும். மேனுவலில் என்ன போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள்.

இன்னொன்று ஏபிஐ, அதாவது அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் வகுத்த தரம். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோலுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு. டீசல் எரியும்போது கரி நிறைய வரும், அதை ஓரிடத்தில் படியவிடாமல் தன்னோடு மிதக்க வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை. அதனால்தான் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடுகிறது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2002-ல் வந்த சிஐ-4 தரம், அதற்கு முந்தைய சிஎஃப்-4, சிஎச்-4 கேட்கும் இன்ஜின்களுக்கும் பொருந்தும். டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள பிஎஸ்-6 கார்களுக்கான சாம்பல் குறைந்த ஆயிலுக்கு, டிபிஎஃப் இல்லாத பழைய காரில் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

வண்டி ஆயில் குடித்தால் கெட்டியாக 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்வார்கள். என் ஸ்விஃப்ட் 1,60,000 கிலோமீட்டர் தாண்டியதும் ஒரு மெக்கானிக் பேச்சைக் கேட்டு நானும் ஊற்றினேன். புகை குறைந்த மாதிரி இருந்தது, ஆனால் காலையில் செயின் சத்தம் முன்பைவிட நீளமாகக் கேட்டது. கடைசியில் டர்போ ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஆயில் தேங்கிக் கிடக்கிறது, கோளாறு டர்போ சீலில்! ஆயிலைக் கெட்டியாக்கி ஒரு மாதத்தை வீணாக்கியதுதான் மிச்சம். முதலில் எங்கே போகிறது என்று பாருங்கள்.

அப்புறம், ஆயில் மாற்றும்போது ஃபில்டரையும் டிரெயின் போல்ட் வாஷரையும் சேர்த்தே மாற்றுங்கள். மேனுவல் சொல்லும் அளவில் கால் லிட்டர் குறைவாக ஊற்றி, இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சமதளத்தில் பத்து நிமிடம் விட்டு, ஆயில் அளவு பார்க்கும் கேஜை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றால் சரி. பல நாள் ஓட்டிய பிறகு அளவு ஏறியிருந்து, டீசல் வாடையும் அடித்தால் ஆயிலில் டீசல் கலக்கிறது, உடனே இன்ஜெக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.