ஓசூரில் கடையும் விமானப் பாகத்தை எப்படிச் சோதிப்பது?

ஓசூர் பட்டறைகளில் விமானத்துக்கு அலுமினியப் பாகம் கடைபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது சூடு. வரைபட அளவு 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. அலுமினியம் ஒரு டிகிரிக்கு, மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளும். 300 மி.மீ. பாகம் 30 டிகிரியில் 70 மைக்ரான் வரை நீண்டிருக்கும். அந்தச் சூட்டில் அளந்தால் நல்ல பாகம் கழிவாகும். அதைவிட மோசம், அளவு குறைந்த பாகம் தேறிவிடும். மெஷினிலிருந்து எடுத்த கையோடு அளக்காதீர்கள். குளிரூட்டிய அளவறையில் பாகமும் அளக்கும் கேஜும் ஒரே சூட்டுக்கு வரட்டும்.

துளையோரப் பிசிறை நீக்குங்கள், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பிறகு துளையின் அளவைச் சோதிக்கும் இருமுனை உருளையான பிளக் கேஜ்: 'கோ' முனை அழுத்தாமல் இறங்க வேண்டும், 'நோ கோ' நுழையவே கூடாது.

கழற்றிய எதையும் அப்போதே பதியுங்கள். 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் 9 விமானத்தில் கதவு அடைப்பு (பயன்படுத்தாத கதவு வாயிலை மூடும் பலகம்) நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. தொழிற்சாலையில் அதைத் திறந்தது பதிவாகவில்லை, 4 போல்ட்டுகள் திரும்ப மாட்டப்படவில்லை. சோதனைக்காக 171 விமானங்கள் நிறுத்தப்பட்டன. பிரித்த இடத்தில் சிவப்புச் சீட்டு கட்டுங்கள். மாட்டியவரே சரிபார்த்துக் கையெழுத்திடக் கூடாது.