ரெட்ரோ கவுண்ட்டவுனில் ஆர்ஜே விடும் தப்பைப் பிடிப்பது எப்படி?

"1978-ல் நம்பர் ஒன் இடத்தைப் பிடித்த பாட்டு!" என்று ஆர்ஜே முழங்கினால், நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நம்பர் ஒன் கொடுத்தது யார் என்பதுதான். அமெரிக்காவில் 1958 ஆகஸ்ட் முதல் பில்போர்டு ஹாட் 100 என்று ஒரு பட்டியல் வாராவாரம் வந்துகொண்டிருக்கிறது, அங்கே ஒருவர் ரேங்க் சொன்னால் எடுத்துப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்லிவிடலாம். இந்திக்கு 1952-ல் ரேடியோ சிலோனில் தொடங்கிய பினாகா கீத்மாலா என்ற பாட்டு நிகழ்ச்சி இருந்தது, அதன் அறிவிப்பாளர் அமீன் சயானி வரிசைப்படுத்திச் சொன்னதை இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். பழைய தமிழ் சினிமாப் பாட்டுக்கு அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட வாராந்திரப் பட்டியல் கிடையாது. ஆகவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கேட்கும் டாப் டென் என்பது அந்த நிலையத்தில் யாரோ உட்கார்ந்து போட்ட வரிசை, அல்லது நேயர்கள் அனுப்பிய மெசேஜின் கணக்கு. அதில் தப்பில்லை, "எங்கள் நேயர்கள் தேர்வு" என்று சொல்லிவிட்டால் சண்டையே இல்லை. மூன்றாம் இடத்தில் இருக்க வேண்டிய பாட்டு ஏழில் இருக்கிறது என்று கோபப்படுவதும் வீண். சரிபார்க்க முடிந்தது வேறு: படம், வருஷம், இசை, எழுதியவர், பாடியவர்.

இசையிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் இங்கே இரண்டு வருஷங்களை மனதில் வைத்தாலே பாதி தப்பு பிடிபட்டுவிடும். முதலாவது 1965. சேர்ந்து இசையமைத்த எம்.எஸ். விஸ்வநாதன் (எம்.எஸ்.வி.)–டி.கே. ராமமூர்த்தி இரட்டையர் அந்த வருஷம் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்தார்கள். அதற்கு முந்தைய 'பாவ மன்னிப்பு', 'காதலிக்க நேரமில்லை', 'கர்ணன்' எல்லாம் இருவர் பெயரிலும் வந்தவை. "மெல்லிசை மன்னர் எம்.எஸ்.வி. இசையில் கர்ணன்" என்று மட்டும் சொன்னால் டி.கே. ராமமூர்த்தி காற்றில் போய்விடுகிறார், இதுதான் வானொலியில் அதிகம் நடக்கும் அநியாயம் என்பது என் கட்சி. தலைகீழாகவும் நடக்கும்: 1966-ல் வந்த 'அன்பே வா'வுக்கு இரட்டையரைச் சொல்வார்கள், அது எம்.எஸ்.வி. தனியாகச் செய்தது. பிறகு 1995-ல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு இருவரும் மறுபடி சேர்ந்தார்கள், அந்த ஒரு விதிவிலக்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வருஷம் 1976, இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' வந்த வருஷம். அதற்கு முன் வந்த படத்துக்கு இளையராஜா பெயரைச் சொன்னால் யோசிக்கவே வேண்டாம், தப்பு. 1975-ல் வந்த 'மயங்குகிறாள் ஒரு மாது'வின் "சம்சாரம் என்பது வீணை" விஜயபாஸ்கர் இசை. சிக்கல் 1976-க்குப் பிறகுதான், ஏனென்றால் எழுபதுகளின் கடைசியில் வந்த இனிமையான பாட்டு எதுவாக இருந்தாலும் ராஜா கணக்கில் எழுதிவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. "வசந்தகால நதிகளிலே" எம்.எஸ்.வி. போட்டது. "மழை தருமோ என் மேகம்" ஷ்யாம் போட்டது, படம் 'மனிதரில் இத்தனை நிறங்களா', 1978. அதே மாதிரி வி. குமார் பாட்டுகள் எம்.எஸ்.வி. கணக்கில் போய்விடும். 'மேஜர் சந்திரகாந்த்' படத்தின் "ஒரு நாள் யாரோ" குமாருடையது, அப்படிச் சொல்லிக் கேட்பதே அபூர்வம்.

எழுதியவர் விஷயத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். அறுபதுகளில் தத்துவம் மாதிரி நாலு வரி வந்துவிட்டால் உடனே கண்ணதாசன்தான். "கண் போன போக்கிலே கால் போகலாமா", "அத்தைமடி மெத்தையடி", "மாதவிப் பொன்மயிலாள்" மூன்றும் வாலி. எம்.ஜி.ஆர். அறிவுரை சொன்னால் வாலி என்று இன்னொரு குத்துமதிப்பும் உண்டு, ஆனால் "தூங்காதே தம்பி தூங்காதே" பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். ஒருவர் மறைந்த தேதியை வைத்து மடக்கலாம் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பட்டுக்கோட்டையார் 1959-ல் மறைந்தார், ஆனால் அவர் எழுதிய "திருடாதே பாப்பா திருடாதே" இடம்பெற்ற 'திருடாதே' வெளியானது 1961-ல். கண்ணதாசன் 1981 அக்டோபரில் மறைந்தார், "கண்ணே கலைமானே" வந்த 'மூன்றாம் பிறை' 1982-ல் திரைக்கு வந்தது. ஆகவே "அவர் அப்போது உயிரோடே இல்லையே" என்று நிலையத்துக்கு மெசேஜ் தட்டுவதற்கு முன்னால், எழுதியது எப்போது, வெளியானது எப்போது என்று இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

"முதல் பாட்டு" என்ற அறிவிப்புகளிலும் இதே கோளாறுதான். எஸ்.பி.பி.யின் முதல் தமிழ்ப் பாட்டு எது? முதலில் பதிவானது 'ஹோட்டல் ரம்பா' படத்துக்கு, எல்.ஆர். ஈஸ்வரியோடு பாடியது, அந்தப் படம் வெளிவரவே இல்லை. 1969-ல் அவர் பாடிய 'அடிமைப்பெண்', 'சாந்தி நிலையம்' இரண்டும் வந்தன, முந்திக்கொண்டது 'அடிமைப்பெண்', அதனால் "ஆயிரம் நிலவே வா" முதலில் ஜனங்களுக்குக் கேட்டது. மூன்றையும் மூன்று ஆர்ஜே "முதல்" என்று சொல்லக்கூடும், ஒவ்வொருவரும் ஒரு வகையில் சரி. இங்கே தப்பு என்று எழுதாதீர்கள், "முதலில் வெளியானது" என்று ஒரு சொல் சேர்க்கச் சொல்லுங்கள், போதும்.

குரல் குழப்பம் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. ஜெயச்சந்திரன் பாடியதை யேசுதாஸ் என்பது நிரந்தர நோய். "ராசாத்தி உன்னைக் காணாத நெஞ்சு", "தாலாட்டுதே வானம்", "மாஞ்சோலைக் கிளிதானோ" மூன்றும் ஜெயச்சந்திரன்தான். 'நிழல்கள்' படத்தில் "இது ஒரு பொன்மாலைப் பொழுது" எஸ்.பி.பி. என்பதால் "பூங்கதவே தாள் திறவாய்" பாட்டையும் அவர் கணக்கில் சேர்ப்பார்கள், அது தீபன் சக்கரவர்த்தியும் உமா ரமணனும்.

ரீமிக்ஸ் வந்த பாட்டென்றால் காதைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். "எங்கேயும் எப்போதும்" 1979-ல் 'நினைத்தாலே இனிக்கும்' படத்தில் வந்தது, 2007-ல் தனுஷ் நடித்த 'பொல்லாதவன்' படத்தில் ரீமிக்ஸ் ஆனது. 1980-ல் ரஜினி நடித்த ஒரு 'பொல்லாதவன்' வேறு இருக்கிறது, அதற்கும் இசை எம்.எஸ்.வி. அவசரத்தில் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் இந்த மூன்றையும் கலந்து ஒரு புதுப் படத்தையே தயாரித்துவிடுவார்.

சரி, எங்கே போய்ச் சரிபார்ப்பது? யூடியூப் தலைப்பை நம்பாதீர்கள், ஒருவர் போட்டதை இன்னொருவர் நகல் எடுத்திருப்பார், பத்து வீடியோவில் ஒரே பெயர் இருந்தால் அது பத்து சாட்சி ஆகாது. பாட்டு ஆப்களில் காட்டும் வருஷம் பல நேரம் அந்தத் தொகுப்பு வெளியான வருஷம், படத்தின் வருஷம் அல்ல. படத்தின் டைட்டில் கார்டு நல்ல சாட்சி, இசை யார் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடும், ஆனால் "பாடல்கள்: கண்ணதாசன், வாலி" என்று மொத்தமாகப் போட்டிருந்தால் எந்தப் பாட்டு யாருடையது என்று அதிலிருந்து தெரியாது. அதற்குப் பழைய இசைத்தட்டின் லேபிள், எல்.பி. உறையின் பின்பக்கம், தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் ஆகியவைதான் கை கொடுக்கும். சேகரிப்பாளர்கள் இவற்றைப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள், தேடினால் நிறையவே கிடைக்கும். படம் ஆரம்பிக்கும்போது வரும் சென்சார் சான்றிதழில் தேதி இருக்கும், மறுவெளியீட்டுப் பிரதியாக இருந்தால் அது புதுத் தேதியாக இருக்கலாம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த தமிழ்த் திரைப்பட வரலாறு கையில் இருந்தால் வெளியீட்டு வருஷத்துக்கு அதைப் புரட்டுங்கள்.

சுவையான கதைகளைச் சரிபார்ப்பது கஷ்டம், ஆனால் சிலவற்றைக் காதாலேயே தீர்த்துவிடலாம். "மண்ணில் இந்தக் காதலன்றி" பாட்டை எஸ்.பி.பி. முழுக்க மூச்சுவிடாமல் பாடினார் என்பார்கள். பாட்டைப் போட்டுக் கேளுங்கள், பல்லவியும் இடையிசையும் சாதாரணமாகத்தான் போகும், மூச்சுவிடாத வித்தை சரணத்தில் மட்டும்.

தப்பு உறுதியாகிவிட்டதா? ஒளிபரப்பு நடக்கும்போதே போன் போட்டு ஆர்ஜேயை மடக்க வேண்டாம், அவர் எதிரில் இருக்கும் தாளைப் படிக்கிறவர், கூச்சப்பட்டுச் சிரித்துவிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவார். வாட்ஸ்அப்பில் சுருக்கமாக எழுதுங்கள்: "இன்று காலை 9.20-க்கு 'கண் போன போக்கிலே' பாட்டை எழுதியவர் கண்ணதாசன் என்றீர்கள். எழுதியவர் வாலி. படம் பணம் படைத்தவன், 1965, இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. இசைத்தட்டு லேபிள் படம் இணைத்திருக்கிறேன்." இவ்வளவுதான். ஒரு மெசேஜுக்கு ஒரு தப்பு. நிகழ்ச்சி முழுக்கக் குறிப்பெடுத்துப் பதினைந்து திருத்தம் அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

அடுத்த வாரமும் வேறொரு ஆர்ஜே அதே தப்பைச் சொன்னால், பிழை பெரும்பாலும் ஆளிடம் இல்லை, நிலையத்தின் கம்ப்யூட்டரில் அந்தப் பாட்டு ஃபைலோடு ஏற்றி வைத்த விவரத்தில் இருக்கிறது. அப்போது ஆர்ஜேக்கு எழுதிப் பயனில்லை, பாட்டு நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கோ நிகழ்ச்சித் தயாரிப்பாளருக்கோ மின்னஞ்சல் அனுப்பி, ஃபைலில் இருக்கும் பெயரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.