மன்னிப்புக்குப் பக்கத்துத் தேதி: ஊடக நிறுவனங்கள் பின்வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

2008 ஆகஸ்ட் முதல் வாரத்தில் தருமபுரி நான்கு ரோட்டுத் தேநீர்க் கடைகளில் வேறு பேச்சே இல்லை. ரஜினி மன்னிப்புக் கேட்டுவிட்டாராமே என்பதுதான் பேச்சு. எங்கள் மாவட்டத்துக்கு அது நெஞ்சில் தைத்த செய்தி. ஆழ்துளைக் கிணற்று நீரில் இருந்த ஃபுளோரைடால் பல் பழுப்பேறிப்போன பிள்ளைகளோடு படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் கன்னட அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தபோது, அந்த ஏப்ரலில் திரையுலகம் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தது. அந்த மேடையில் ரஜினிகாந்த் காரசாரமாகப் பேசியதற்கு ஊரே கைதட்டியது. ஜூலை இறுதியில் அவர் வருத்தம் தெரிவித்ததும் கைதட்டியவர்களே ஏசினார்கள். நானும் ஏசினேன்.

அப்போது நான் இங்கே ஒரு நாளிதழின் பகுதிநேரச் செய்தியாளன். செய்தியிலேயே புழங்கியவன்கூட அந்த வருத்தத்தை ஒரு மனிதரின் குணத்தோடு மட்டுமே சேர்த்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த தேதியைக் கவனிக்கவில்லை. ‘குசேலன்’ ஆகஸ்ட் 1 அன்று வெளியாக இருந்தது. கர்நாடகத்தில் படத்தைத் திரையிட விடமாட்டோம் என்று மிரட்டல். தயாரித்தவர்களின் பணமும் விநியோகம் செய்த பிரமிட் சாய்மிராவின் பணமும் அந்த ஒரு தேதியில் முடங்கிக் கிடந்தன. மேடையில் பேசியவர் ஒரு மனிதர். வருத்தம் தெரிவித்ததோ ஒரு வியாபாரத்தின் முகமாக இருந்தவர்.

ஊடகமும் சினிமாவும் சர்ச்சையில் சிக்கும்போது வாசகர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். அறிக்கையில் எழுதியிருக்கும் காரணத்தையே உண்மைக் காரணம் என்று எடுத்துக்கொள்கிறோம். “யார் மனதையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை” என்ற வரி எல்லா அறிக்கையிலும் உண்டு. அதைப் படித்துவிட்டு, அதே வாரத்தில் அந்த நிறுவனத்துக்கு வேறு என்ன நடக்க இருக்கிறது என்று பாருங்கள். பட வெளியீடா, உரிமம் புதுப்பிப்பா, நிறுவன இணைப்பா, அரசு விளம்பரமா? நான் ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு இதை எழுதி வருகிறேன். இடப்பக்கம் நிறுவனம் பணிந்த தேதி, வலப்பக்கம் அதற்குப் பக்கத்துத் தேதி.

மன்னிப்புக் கேட்க மறுப்பவர்களுக்கும் ஒரு பக்கத்துத் தேதி உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. 2025 மே மாதம் ‘தக் லைஃப்’ விழாவில் கன்னட மொழியின் பிறப்பு பற்றிக் கமல்ஹாசன் சொன்னது பெரும் சர்ச்சையானது. மன்னிப்புக் கேட்க மறுத்தார். ஜூன் 5 அன்று கர்நாடகத்தில் மட்டும் படம் வெளியாகவில்லை. உச்ச நீதிமன்றம் தலையிட்டு, சான்றிதழ் பெற்ற படத்தைக் கும்பல்கள் தடுக்க முடியாது என்று சொன்னது. அதைக் கேட்டு ஓசூர் பக்கத்து நண்பர்கள் மகிழ்ந்தார்கள். எனக்கும் அந்த உறுதி பிடித்திருந்தது. ஆனால் அவர் மாநிலங்களவை வேட்பாளராக அறிவிக்கப்பட்டது மே 28 அன்று என்பதையும் என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த வாரத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தால் தமிழ்நாட்டில் என்ன விலை கொடுக்க நேர்ந்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். இதனால் அவருடைய உறுதி பொய் என்று ஆகிவிடாது.

அடுத்த தவறு, அழுத்தம் என்றால் உத்தரவு என்று நினைப்பது. “அரசு தடை போட்டதா? போடவில்லையே, நிறுவனம் தானாகத்தானே எடுத்தது!” என்று வாதிடுவார்கள். அமெரிக்காவில் 2025 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். வலதுசாரி ஆர்வலர் சார்லி கிர்க்கின் கொலையை ஒட்டி ஜிம்மி கிம்மல், ஏபிசி தொலைக்காட்சியின் தன் இரவு நிகழ்ச்சியில் பேசியது சர்ச்சையானது. ஒலிபரப்பு உரிமங்களைக் கையாளும் எஃப்சிசி ஆணையத்தின் தலைவர் பிரெண்டன் கார், 17ஆம் தேதி ஒரு பாட்காஸ்ட் உரையாடலில் நிறுவனங்களை எச்சரித்தார். எழுத்தில் ஓர் ஆணையும் இல்லை. சில மணி நேரத்தில், ஏபிசி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும் பல உள்ளூர் நிலையங்களின் உரிமையாளரான நெக்ஸ்டார், கிம்மல் நிகழ்ச்சியை ஒளிபரப்பப் போவதில்லை என்றது. ஏபிசியும் காலவரையின்றி நிறுத்தியது. நெக்ஸ்டாரின் பக்கத்துத் தேதி என்ன? டெக்னா என்ற இன்னொரு தொலைக்காட்சி நிலைய நிறுவனத்தை 620 கோடி டாலருக்கு வாங்கும் ஒப்பந்தம், அதே ஆணையத்தின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், இதன் சின்ன வடிவத்தை நான் கையில் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு மாங்காய்ப் பருவத்தில் கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தேன். மாம்பழக்கூழ்த் தொழிற்சாலைக் கழிவு கிணற்றில் கலப்பதாகப் புகார். ஓர் அம்மா சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து என் முகத்தருகே நீட்டினார். புளித்த மாவின் வாடை. மேலே மஞ்சளாக ஒரு படலம். மாட்டுக்குக்கூட வைப்பதில்லை என்றார். ஊர்ப் பெயர், தொழிற்சாலைப் பெயர், அவர்கள் தரப்பு விளக்கம் எல்லாம் சேர்த்துப் படத்தோடு அனுப்பினேன்.

மறுநாள் அதிகாலை நாலரை மணிக்குப் பேருந்து நிலையத்தில் கட்டு வந்து இறங்கியது. ஏஜென்ட் பிளேடால் கயிற்றை அறுத்ததும் முதல் பிரதியை வாங்கிப் புரட்டினேன். உள்பக்கத்தில் நான்கு வரி. படம் இல்லை. ஊர்ப் பெயர் இல்லை. “தனியார் தொழிற்சாலை ஒன்றின் மீது கிராம மக்கள் புகார்” என்று இருந்தது. டெஸ்கில் கேட்டேன், இடம் இல்லை என்றார்கள். அதை நம்பினேன். மாங்கனிக் கண்காட்சியை ஒட்டிச் சிறப்பிதழ் வந்தது. அதில் அந்தத் தொழிற்சாலையின் முழுப் பக்க விளம்பரம். யாரும் யாரையும் மிரட்டவில்லை. யாரும் தொலைபேசியில் அழைத்ததாகக்கூட எனக்குத் தெரியாது. விளம்பரம் வரும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அதிலிருந்து ‘தனியார்’ என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் நின்று படிக்கிறேன். தனியார் மருத்துவமனை, தனியார் பள்ளி, தனியார் நிறுவனம். விபத்தில் சிக்கிய லாரி ஓட்டுநருக்குப் பெயர், வயது, தெரு எல்லாம் போடும் செய்தி, முதலாளிக்கு மட்டும் ஏன் பெயர் போடுவதில்லை? சில இடங்களில் சட்டக் காரணம் இருக்கும். வழக்கு நடக்கும்போது எச்சரிக்கையாகத்தான் எழுத வேண்டும். ஆனாலும் கேட்டுப் பாருங்கள். அழுத்தம் வேலை செய்வது நீக்கப்பட்ட செய்தியில் மட்டும் இல்லை, சுருங்கிப்போன செய்தியிலும்தான்.

“அந்த சேனல் விலைபோய்விட்டது” என்று ஒரே வாக்கியத்தில் முடிப்பதும் தவறு. நிறுவனம் ஒற்றை ஆள் அல்ல. உரிமையாளர், ஆசிரியர், விளம்பரப் பிரிவு, செய்தியாளர், கேபிள் விநியோகம் என ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்தில் நிற்கிறார்கள். கிம்மல் நிகழ்ச்சி செப்டம்பர் 23 அன்று திரும்ப வந்தபோதும் நெக்ஸ்டாரும், அதைப் போலவே பல நிலையங்களை வைத்திருக்கும் சின்கிளேரும் தங்கள் நிலையங்களில் 26ஆம் தேதி வரை காட்டவில்லை. அடி விழும்போதும் இப்படித்தான். 2007 மே 9 அன்று ஒரு கருத்துக்கணிப்புக்காக மதுரை தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டது. இறந்தவர்கள் கணினிப் பிரிவு ஊழியர் இருவரும் காவலாளி ஒருவரும். அந்தக் கருத்துக்கணிப்பில் அவர்கள் ஒரு வரிகூட எழுதியவர்கள் அல்லர். நிறுவனத்தின் மீது கோபம் வரும்போது வாசலில் மைக்கோடு நிற்கும் பையனை ஏசாதீர்கள். அவனுக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்பதே பல இடங்களில் கேள்வி.

பணிந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது நிறுவனங்களும் செய்யும் தவறு, நாமும் நம்பும் பொய். 2015 மார்ச்சில் தாலி பற்றிய விவாத நிகழ்ச்சியைப் புதிய தலைமுறை தொலைக்காட்சி எதிர்ப்பு காரணமாக ஒளிபரப்பாமல் நிறுத்தியது. நிறுத்திய பிறகும் அதன் ஒளிப்பதிவாளர் தாக்கப்பட்டார். சில நாட்களில், மார்ச் 12 அன்று, சென்னை அலுவலகத்தின் மீது டிபன் பாக்ஸ் குண்டு வீசினார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது. இதைத்தான் படித்தவர்கள் அதிகம் செய்கிறார்கள். நிறுவனம் பின்வாங்கினாலே கோழைத்தனம் என்று முடிவு கட்டுவது. 2023 ஏப்ரலில் ஃபாக்ஸ் நியூஸ், டொமினியன் என்ற வாக்கு இயந்திர நிறுவனத்துக்கு 78.75 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. 2020 தேர்தல் முறைகேடு பற்றி ஒளிபரப்பிய பொய்களுக்காகத் தொடரப்பட்ட அவதூறு வழக்கு அது. பொய் சொன்னவர்கள் பணம் கட்டினார்கள், அது நியாயம். 2025 ஜூலையில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் தாய் நிறுவனமான பாரமவுண்ட், கமலா ஹாரிஸ் பேட்டியைத் தொகுத்த விதம் பற்றி டிரம்ப் தொடர்ந்த வழக்கை 1.6 கோடி டாலருக்கு முடித்துக்கொண்டது. அதே ஜூலை 24 அன்று, ஸ்கைடான்ஸ் என்ற படத் தயாரிப்பு நிறுவனத்துடன் இணையும் 800 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு எஃப்சிசி ஒப்புதல் அளித்தது. இரண்டும் பணம் கொடுத்து முடித்த வழக்குகள்தாம். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால், உண்மையான பிழைக்குத் திருத்தம் வெளியிடும் ஆசிரியரையும் பயந்து ஒளியும் ஆசிரியரையும் ஒன்றாக்கிவிடுவோம். “தவறுக்கு வருந்துகிறோம்” என்று முதல் பக்கத்தில் போடும் பத்திரிகையை நான் மதிக்கிறேன்.

பக்கத்துத் தேதி என்னும் வழியிலும் ஒரு குழி இருக்கிறது. அதே ஜூலை 17 அன்று, ஸ்டீபன் கோல்பேரின் இரவு நிகழ்ச்சியை 2026 மே மாதத்தோடு நிறுத்துவதாக சிபிஎஸ் அறிவித்தது. அதற்குச் சில நாள் முன்புதான் கோல்பேர், பாரமவுண்ட் டிரம்ப் வழக்கில் பணம் கொடுத்ததைக் கடுமையாகச் சாடியிருந்தார். நிறுவனமோ இது முழுக்க நிதி சார்ந்த முடிவு என்றது. இரவு நேர நிகழ்ச்சிகளின் விளம்பர வருமானம் பல ஆண்டுகளாகச் சரிந்து வருவதும் உண்மை. தேதிகள் நெருங்கி இருப்பது கேள்வி கேட்க நமக்கு உரிமை தருகிறது. அதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதிவிட முடியாது. நான் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

நம் கட்சி செய்தால் சட்டம், எதிர்க்கட்சி செய்தால் அராஜகம் என்று பார்ப்பதைப் பற்றி என்ன சொல்ல? 1987இல் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டப்பேரவை மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதால் சில நாட்களில் விடுதலை செய்தார்கள். 2003 நவம்பரில் தி இந்து ஆசிரியர் குழுவினருக்கும், அதன் தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்ட முரசொலியின் ஆசிரியருக்கும் 15 நாள் சிறை என்றது பேரவை. உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. மார்ச் 6 அன்று, அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கும் நிபந்தனையோடு முடக்கத்தை விலக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். ஒரு பக்கத்தைப் பிடிக்கவில்லை என்று முழுத் தளத்தையும் மூடியபோது, அந்தக் கேலிச்சித்திரம் எனக்குப் பிடித்ததா இல்லையா என்று முதலில் யோசித்தேன். அந்த யோசனையே தவறு.

கடைசியாக, கோபத்தை வாட்ஸ்அப்பில் மட்டும் கொட்டுவது. அது யாருக்கும் போய்ச் சேராது. நாளிதழ் என்றால் முதலில் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் இந்தியப் பத்திரிகை மன்றத்துக்கு எழுதலாம். செய்தி வந்ததற்கு மட்டுமில்லை, வராமல் போனதற்கும் புகார் தரலாம். நாளிதழுக்கும் வார இதழுக்கும் இரண்டு மாதக் கெடு. மன்றத்தால் தண்டிக்க முடியாது, கண்டிக்க மட்டுமே முடியும். ஆனாலும் அந்தக் கண்டனம் பதிவாகும். இணையச் செய்தித் தளங்கள் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி புகாருக்கு 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். தொலைக்காட்சிக்கும் முதலில் சேனலுக்கே எழுத வேண்டும். நிகழ்ச்சி ஒளிபரப்பான நாளும் நேரமும் கட்டாயம் குறித்திருக்க வேண்டும்.

அந்த நான்கு வரிச் செய்தி வந்த மறுநாள் நான் அந்தக் கிராமத்துக்கு மீண்டும் போனேன். அந்த அம்மா பேரனை விட்டுச் செய்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். “எங்கள் ஊர்ப் பெயர் எங்கே தம்பி?” என்றார். என்னிடம் பதில் இல்லை. பத்திரிகை மன்றத்தின் அந்த இரண்டு மாதக் கெடுவைப் பற்றி நான் தெரிந்துகொண்டபோது இரண்டு மாங்காய்ப் பருவங்கள் கடந்திருந்தன.