பால்டிக் கடல் கப்பலில் போன் பில் எகிறாமலிருக்க

ஸ்டாக்ஹோம் - ஹெல்சின்கி இரவுக் கப்பலில் கரை சிக்னல் மங்கத் தொடங்கியதுமே போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் ஆன் செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் நடுக்கடலில் அது கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பிய யூனியனுக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை என்ற சலுகை தரையிலுள்ள டவர்களுக்குத்தான், இதற்குச் செல்லாது. பாக்கெட்டில் சும்மா கிடக்கும் போன் ஆப் அப்டேட்டுக்காக டேட்டாவை இழுத்தாலே பில் ஏறிவிடும்.

புறப்பட்டு ஸ்டாக்ஹோம் தீவுகளுக்கு நடுவே போகும்வரை கரை சிக்னலே கிடைக்கும், அப்போது இது தேவையில்லை. திரையில் நெட்வொர்க் பெயரைப் பார்த்துக்கொண்டால் போதும். அப்புறம், ஹெல்சின்கி நேரம் 1 மணி நேரம் முன்னால். ஏரோப்ளேன் மோடில் கடிகாரம் தானாக மாறாமல் போகலாம், அலாரத்தைப் பார்த்து வையுங்கள்.