துடைக்கிற துணியே நாறினால்: வீட்டுத் துணிகளில் நாம் செய்கிற தவறுகள்

போன ஐப்பசியில் ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள் டிபன் டப்பாவை என் முகத்துக்கு நேராக நீட்டி, "மோந்து பாரும்மா, துணி நாத்தம் அடிக்குது" என்றாள். டப்பா பளிச்சென்றுதான் இருந்தது. காலையில் சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசி, மேடையில் கிடந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் சாதம் வைத்தேன். மூடியைத் திறந்து மோந்தால், நனைந்த மிதியடியை மடித்து மூலையில் போட்டு வைத்த மாதிரி ஒரு முடை வாடை. அந்தத் துணியை நான் தினமும் துவைத்துக்கொண்டுதான் இருந்தேன். தினமும் துவைக்கிற துணி ஏன் நாறுகிறது என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன், கொஞ்சம் படித்தும் பார்த்தேன். கடலூர், புதுச்சேரி மாதிரி உப்புக்காத்து அடிக்கிற ஊரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்.

அந்த வாடையைக் கிளப்புவது பாக்டீரியா. துவைத்தும் சரியாகக் காயாத துணியில் மோராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற ஒன்று குடியேறி, இழைகளில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசையைத் தின்று அந்த நாற்றத்தை உண்டாக்குகிறது என்று ஜப்பான் ஆய்வாளர்கள் 2012இல் எழுதியிருக்கிறார்கள். நல்ல ஆரோக்கியமாக இருப்பவரை அது பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. ஆனால் அது செழித்து வளர்கிற துணியில் வயிற்றைக் கெடுக்கிற கிருமியும் சேர்ந்து வளரலாம். நல்ல ஈரமும் நம் ஊர்ச் சூடும் கொஞ்சம் சோற்றுப் பசையும் கிடைத்தால் ஈகோலை மாதிரி ஒரு கிருமி 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகும். ராத்திரி பத்து மணிக்கு மேடையைத் துடைத்துப் பிழிந்து குழாய்மேல் போட்ட துணி காலை ஐந்து மணிக்கும் சொதசொதவென்றே இருந்தால், அந்த ஏழு மணி நேரமும் அதற்கு விருந்துதான்.

அதனால் முதல் தவறு, எல்லோரும் செய்வது, நானும் வருஷக்கணக்காகச் செய்தது: துவைத்தால் போதும் என்று நினைப்பது. சோப்பு கிருமியில் பெரும்பகுதியைக் கழுவி வெளியேற்றும், முழுசாகக் கொல்லாது. மிச்சம் இருப்பது பெருகாமல் தடுப்பது காய்ச்சல்தான், அதாவது துணி மொடமொடவென்று காய்வது. துணியைப் பிழிந்து உருண்டையாகச் சிங்க் ஓரத்தில் வைப்பது, நாலாக மடித்து அடுப்பு மேடைக் கம்பியில் தொங்கவிடுவது, ஒன்றின்மேல் ஒன்றாக ஆணியில் மாட்டுவது, இதெல்லாம் காயவைப்பது ஆகாது. உதறி, ஒற்றை மடிப்பாகக்கூட இல்லாமல் விரித்து, இரண்டு பக்கமும் காற்றுப் படுகிற மாதிரி கிளிப் போட வேண்டும். மொட்டை மாடி வெயில் கிடைத்தால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், வெயிலில் இருக்கிற புறஊதாக் கதிரும் தன் பங்குக்கு வேலை செய்யும், நடுவில் ஒரு தடவை திருப்பிப் போட்டால் இன்னும் நல்லது.

இங்கே நம் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருக்கிறது. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, நுரைக்கவில்லை என்று இன்னும் கொஞ்சம் போடுவோம், அந்தச் சோப்பு தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காக இழையில் படிந்துவிடும். துணி விறைப்பாக இருக்கும், தண்ணீரை உறிஞ்சாது, மேடையில் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். கடல் தண்ணீரில் நனைந்த பாவாடை எவ்வளவு நேரம் காய்ந்தாலும் கைக்கு நமநமவென்று இருப்பதைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் வந்த எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும், அதுதான் காரணம். உப்புத் தண்ணீரில் அலசிய கைப்பிடித்துணிக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான். நான் இப்போது சோப்புக் கட்டிக்குப் பதில் சோப்புத்தூள்தான் போடுகிறேன், அதுவும் குறைவாக. துவைப்பதும் முதல் அலசலும் போர் தண்ணீரில், கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில். நாலு துணிக்கு ஒரு சின்ன வாளி போதும், தண்ணீர் வீணாகிறது என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்து, ஒரே துணியால் எல்லாவற்றையும் துடைப்பது. மேடை, பால் வழிந்த அடுப்பு, தட்டு, சாப்பாட்டு மேசை, அப்புறம் கீழே சிந்திய குழம்பு, அதே துணியில் குழந்தையின் கை. கடலூர் முதுநகரிலிருந்து மீன் வாங்கி வந்து ஆய்ந்த நாளில் இது இன்னும் மோசம். கடல் மீனில் விப்ரியோ வகைக் கிருமி இருக்கலாம், கோழிக்கறியில் சால்மோனெல்லா இருக்கலாம், சமைத்தால் செத்துப்போகும், ஆனால் மேடையைத் துடைத்த துணி சமைக்கப்படுவதில்லை. அது பத்து நிமிஷத்தில் வெள்ளரிக்காய் வைக்கிற தட்டுக்குப் போய்விடும். மீன், கறி ஆய்ந்த இடத்தைத் துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். பழைய செய்தித்தாளால் வழித்து எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, மேடையைச் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பிறகுதான் துணி. கவுச்சி வாடை போய்விட்டது என்பதற்காகக் கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை, எலுமிச்சம்பழம் தேய்ப்பது வாடைக்கு மட்டும்தான்.

பாத்திரம் துடைக்க ஒன்று, மேடைக்கு ஒன்று, தரைக்கு ஒன்று, கழிப்பறைப் பக்கம் ஒன்று, இந்த நான்கும் எந்த நிலையிலும் கலக்கக் கூடாது. துவைக்கும்போதும்தான். தரை துடைத்த துணியைச் சமையலறைச் சிங்க்கில் அலசுவதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்!

கரித்துணி தனிக் கதை. சூடான பாத்திரம் இறக்குகிற அந்தத் துணியை வாரக்கணக்கில் யாரும் துவைப்பதில்லை, கைப்பிடிக்கத்தானே என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அதே துணிதான் வடிதட்டைப் பிடிக்கிறது, கொதிக்கிற சாம்பாரின் ஓரத்தைத் துடைக்கிறது, அவசரத்தில் நம் கையையும் துடைக்கிறது. எண்ணெய் ஊறிய கரித்துணி அடுப்புப் பக்கத்தில் தொங்கினால் தீப்பிடிக்கவும் செய்யும். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோப்பு மட்டும் போதாது, ஒரு வாளி சுடுதண்ணீரில் இரண்டு ஸ்பூன் சலவை சோடா போட்டு அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் பிசுக்கு கரைந்து தண்ணீர் பழுப்பாக இறங்குவதைப் பார்க்கலாம் (அலுமினியப் பாத்திரத்தில் இதைச் செய்யாதீர்கள், பாத்திரம் கறுத்துப்போகும்). என் அம்மா சீயக்காய்த்தூளைக் கரைத்து ஊறவைப்பார், அதுவும் எண்ணெயை நன்றாக எடுக்கும்.

கிருமி சாகவேண்டும் என்றால் பருத்தித் துணிக்குக் கொதிக்கவைப்பதைவிட எளிதான வழி இல்லை. முதலில் துவைத்து அழுக்கு எடுத்துவிட்டு, துணி முழுக்க முங்குகிற அளவு தண்ணீரில் பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்கட்டும். வாரம் இரண்டு முறை போதும். இதில் மைக்ரோஃபைபர் துணியை மட்டும் போட்டுவிடாதீர்கள், அது பாலியஸ்டரும் நைலான் வகையும் சேர்ந்த இழை, கொதிநீரிலும் இஸ்திரிப் பெட்டியிலும் இழை கெட்டுச் சுருண்டு, பிறகு தூசியைப் பிடிக்காது. அதைச் சாதாரணச் சூட்டுத் தண்ணீரில் தனியாகத் துவைக்க வேண்டும், பருத்தித் துணியோடு போட்டால் பஞ்சை எல்லாம் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். துணிக்கு வாசனை தருகிற கண்டிஷனர் எந்தத் துடைக்கும் துணிக்கும் வேண்டாம். இழைமேல் வழுவழுப்பாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும்.

ப்ளீச் போடுபவர்கள் செய்கிற தவறு நிறைய. கடையில் கிடைக்கும் ப்ளீச்சில் சோடியம் ஹைப்போகுளோரைட் பெரும்பாலும் 4 முதல் 5 சதவீதம் வரை இருக்கும், அதில் 20 மில்லி எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் துணிக்குப் போதுமான வீரியம் வந்துவிடும். பச்சைத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும், சூட்டில் வீரியம் போய்விடும். அழுக்குத் துணியை நேராக முக்கினாலும் பயனில்லை, ப்ளீச் அந்த அழுக்கோடு போராடியே தீர்ந்துபோகும். துவைத்த துணியைப் பத்து நிமிஷம் ஊறவைத்து, நன்றாக அலசி, காயப்போட வேண்டும். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் இழை இற்றுப்போய் கையோடு கிழிந்து வரும்.

இதற்கெல்லாம் மேலாக ஒன்று, தயவுசெய்து இதை மட்டுமாவது வீட்டில் வேலை செய்கிற அக்காவுக்கும் சொல்லிவையுங்கள்: ப்ளீச்சோடு கழிப்பறை ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது. வினிகர், எலுமிச்சைச் சாறுகூட வேண்டாம். சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், கதவு சாத்திய சின்னக் குளியலறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். இரண்டும் சேர்ந்தால் இன்னும் பளிச்சென்று ஆகும் என்று நினைத்து ஒரே வாளியில் ஊற்றுகிறவர்களை நான் நேரில் தடுத்திருக்கிறேன்.

வெள்ளம் வந்த நாட்களில் இந்த ஆபத்து கூடும். 2015 வெள்ளத்திலும், 2024இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்த பிறகு தென்பெண்ணை பெருகி வந்தபோதும், தண்ணீர் வடிந்த வீடுகளில் ப்ளீச்சிங் பவுடர், ஆசிட், பினாயில் எல்லாம் ஒரே நாளில் தரையில் இறங்கின. தனித்தனியாக, ஒன்றை நன்றாகக் கழுவிவிட்ட பிறகு அடுத்தது என்று போடுங்கள். வெள்ளத் தண்ணீரில் சாக்கடையும் எலி மூத்திரமும் கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் கிருமி கையில் இருக்கிற சின்னக் கீறல் வழியாகவே உள்ளே போகும், அதனால் ரப்பர் கையுறை இல்லாமல் அந்தச் சேற்றுத் துணியைப் பிழியாதீர்கள். சேறு துடைத்த துணியைத் துவைத்து மறுபடி சமையலறைக்குக் கொண்டுவரவே வேண்டாம், கவரில் கட்டி எறிந்துவிடலாம். குழந்தை வாந்தி பேதியைத் துடைத்த துணிக்கும் இதே முடிவுதான்.

மாப்பு. தரை துடைத்து முடித்ததும் அதே கறுத்த தண்ணீர் வாளியில் தலைகீழாக நிறுத்திவைப்பது தினசரி நடக்கிறது, தண்ணீரில்தான் பினாயில் இருக்கிறதே என்ற தைரியத்தில். நீர்த்துப்போன கிருமிநாசினியில் உயிர் பிழைத்து வளர்கிற கிருமிகள் உண்டு, மருத்துவமனைகளுக்கே இது பெரிய தலைவலி. அலசி, பிழிந்து, நூல் மேலே இருக்கும்படி வெயிலில் சாத்தி வையுங்கள். தினம் துடைக்கும் வீட்டில் மாற்றுத் துணி குறைந்தது இரண்டு இருக்கட்டும்.

பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைச் சுடுதண்ணீரில் முக்கி எடுத்தால் புதிது மாதிரி ஆகிவிடும் என்று நினைப்பதையும் விட்டுவிடலாம். 2017இல் ஜெர்மனியில் ஃபுர்ட்வாங்கன் பல்கலைக்கழகத்தினர் பயன்படுத்திய ஸ்பாஞ்சுகளை ஆராய்ந்தபோது, அவ்வப்போது சுத்தம் செய்ததாகச் சொல்லப்பட்டவற்றிலும் பாக்டீரியா குறைந்திருக்கவில்லை, வாராவாரம் மாற்றச் சொல்லித்தான் அவர்கள் முடித்தார்கள். மேலே சொன்ன அதே மோராக்செல்லா அங்கேயும் இருந்தது. வாரம் ஒன்று வாங்கக் கட்டுப்படியாகாது என்றால் பீர்க்கங்கூடோ தேங்காய் நாரோ வைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் காயும், தூக்கிப்போடவும் மனசு வரும்.

சரி, ஐப்பசி கார்த்திகையில் நாலு நாள் விடாமல் பெய்யும்போது என்ன செய்வது? அப்போது கெட்டியான டர்க்கித் துண்டுகளை உள்ளே வைத்துவிடுங்கள், அது இரண்டு நாள் ஆனாலும் காயாது. சன்னமான துணிதான் மழைக்கால நண்பன். நான் பழைய நாலு முழ வேட்டி ஒன்றைக் கிழித்துப் பன்னிரண்டு துண்டாக்கி ஓரம் அடித்து வைத்திருக்கிறேன், காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று, ஆறு நாள் ஓடும். நன்றாகப் பிழிந்து, உலர்ந்த துண்டுக்குள் சுருட்டி இன்னொரு முறை முறுக்கி, ஃபேனுக்கு நேராக விரித்துப் போட்டால் ராத்திரிக்குள் காய்ந்துவிடுகிறது. அப்படியும் ஈரம் இருந்தால் இஸ்திரிப் பெட்டியை நல்ல சூட்டில் வைத்து ஆவி அடங்கும்வரை தேய்த்துவிடுவேன், அந்தச் சூட்டில் கிருமியும் போகும். எரிகிற அடுப்புக்கு மேலும் ஃபிரிட்ஜுக்குப் பின்பக்கமும் துணி காயப்போடுவது வேண்டாம். முன்னதில் தீ ஆபத்து, பின்னதில் ஃபிரிட்ஜின் சூடு வெளியேற முடியாமல் திணறும்.

காய்ந்த துணியை எடுத்துவைக்கும் முன் ஒரு தடவை மோந்து பாருங்கள். காய்ந்தும் வாடை அடித்தால், நனைத்ததும் வழுவழுவென்று இருந்தால், கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்திருந்தால் அதன் சமையலறைக் காலம் முடிந்துவிட்டது. வாடையும் வழுவழுப்பும் கொதிக்கவைத்துப் போகிறது என்றால் தரைக்கு மாற்றலாம், பூஞ்சணம் என்றால் குப்பைக்கு. தரைக்கு மாற்றும் துணியில் நான் ஒரு மூலையைக் கத்தரியால் வெட்டிவிடுவேன், கழிப்பறைக்குப் போனால் இரண்டு மூலை. துவைத்துக் காய்ந்து எல்லாம் ஒரே வெள்ளையாக மடித்துக் கிடந்தாலும், மூலை போன துணியை என் மகள்கூட இப்போது டிபன் டப்பா பக்கம் கொண்டுவருவதில்லை.