கேமிங் மேசைக்கணினிக்குப் பதிலாக உயர்விலை மடிக்கணினி: முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேம் விளையாடும் மேசைக்கணினியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் உயர்விலை மடிக்கணினி ஒன்றை வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் பெயரை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். அதிலும் என்விடியாவின் உச்ச கார்டுகளில் ஒன்றான 4090, இதிலும் 4090, பிறகு எதற்கு அவ்வளவு பெரிய பெட்டி என்ற எண்ணம் இயல்பாகவே எழுகிறது. ஆனால் பெயரைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தச் சிப்புக்கு எத்தனை வாட் மின்சாரம் போகிறது, அதனால் உண்டாகும் சூட்டை அந்த உடல் எவ்வளவு நேரம் சளைக்காமல் வெளியேற்றும் என்ற இரண்டையும் விசாரித்தால், உங்களுக்குரிய விடை ஏறத்தாழ அங்கேயே கிடைத்துவிடும்.

மேசைக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4090 கார்டில் 16,384 குடா கோர்களும் (கணக்கிடும் சிறு அலகுகள்) 24 ஜிபி கிராபிக்ஸ் நினைவகமும் உள்ளன. அது 450 வாட் வரை எடுத்துக்கொள்ளும். அதே பெயரோடு மடிக்கணினியில் வருவதில் 9,728 கோர்களும் 16 ஜிபி நினைவகமுமே உள்ளன. தேவைப்படும்போது தரப்படும் கூடுதல் மின்சாரமும் சேர்ந்தாலும் 175 வாட்டுக்கு மேல் அதற்குப் போவதில்லை. 9,728 என்பது மேசைக்கணினியின் 4080 கார்டுக்குரிய கோர் எண்ணிக்கை. அந்த 4080-க்கும்கூட 320 வாட் கொடுக்கப்படுகிறது. அடுத்த தலைமுறையில் இந்த இடைவெளி மேலும் விரிந்தது. மேசைக்கணினியின் 5090-இல் 21,760 கோர்களும் 575 வாட்டும் இருக்க, மடிக்கணினியின் 5090-இல் 10,496 கோர்கள் மட்டுமே உள்ளன. இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. இரண்டு விரல் தடிமனுள்ள உடலுக்குள் 575 வாட் சூட்டை வைத்துச் சமாளிக்க முடியாது என்பதே காரணம். ஆனால் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டுபவருக்கு இந்த வேறுபாடு தெரியாமலே போய்விடுகிறது.

கீழ்ப்படிகளில் நிலைமை வேறு. 4060-ஐ எடுத்துக்கொண்டால் மேசைக்கணினியிலும் மடிக்கணினியிலும் அதே 3,072 கோர்கள், அதே 8 ஜிபி நினைவகம். அந்தக் கூடுதல் மின்சாரத்தைச் சேர்க்காமல் பார்த்தால் இரண்டுக்கும் உச்ச அளவு 115 வாட்தான். ஆகவே நடுத்தர மேசைக்கணினி வைத்திருப்பவர் அதை ஒரு நல்ல மடிக்கணினியால் முழுமையாக ஈடுசெய்ய முடியும். உச்சநிலை மேசைக்கணினி வைத்திருப்பவரால் எந்த விலை கொடுத்தும் அது முடியாது. விலை ஏற ஏற இந்த மாற்றம் நட்டமாகிக்கொண்டே போகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வாட் கணக்கை நான் வற்புறுத்துவதற்கு என் அனுபவமும் ஒரு காரணம். சில ஆண்டுகளுக்கு முன் மெல்லிய அலுமினிய உடலும் அழகான திரையும் கொண்ட ஒரு மடிக்கணினியை வாங்கினேன். முதல் பத்து நிமிடம் கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அதன் பிறகு காட்சி திரும்பும்போதெல்லாம் ஒரு திணறல். இடது கை விரல்கள் ஊன்றியிருந்த டபிள்யூ, ஏ, எஸ், டி பொத்தான்கள் விரலை எடுத்துவிடத் தோன்றும் அளவுக்குச் சுட்டன. சிப்பின் வாட், வெப்பநிலை ஆகியவற்றைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்து விளையாடியபோதுதான், 80 வாட்டில் தொடங்கிய கிராபிக்ஸ் சிப் அரை மணி நேரத்துக்குள் 60 வாட்டுக்கு இறங்கிவிடுவது தெரிந்தது. அதே பெயருள்ள சிப் வேறொரு தடித்த மடிக்கணினியில் 130 வாட்டில் நிலையாக ஓடிக்கொண்டிருந்தது. வாங்கும்போது பார்த்த விவரப் பட்டியலில் வாட் எண்ணே இல்லை. அதைக் கேட்க வேண்டும் என்று எனக்கும் அப்போது தெரியவில்லை.

மடிக்கணினிக்கான 4060-ஐ 35 வாட்டில் இருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளத் தயாரிப்பாளருக்கு அனுமதி உண்டு. எனவே வாங்கும் முன் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் ‘அதிகபட்ச கிராபிக்ஸ் மின்திறன்’ அல்லது ‘டிஜிபி’ என்ற வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். கணினி கையில் கிடைத்த பிறகென்றால், என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதியைத் திறந்தால் அந்த எண் தெரியும். வாட் எண்ணைச் சொல்லாத மாடலை நான் வாங்க மாட்டேன். நீங்களும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அடுத்து, எந்தத் திரையில் விளையாடப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். 16 அங்குல மடிக்கணினிகளில் இன்று பரவலாகக் காணப்படும் 2560 × 1600 திரையில் சுமார் 41 லட்சம் புள்ளிகள் உள்ளன. 4கே மானிட்டரில் சுமார் 83 லட்சம். மடிக்கணினியின் சொந்தத் திரையிலேயே விளையாடினால் சிப்புக்கு வேலை பாதியாகிவிடுகிறது; அதற்குக் கிடைக்கும் குறைந்த மின்சாரமும் அந்த வேலைக்குப் போதுமானதாக இருக்கிறது. ஆனால் மேசைக்கணினிக்குப் பதிலாக வைக்கிறோம் என்று சொல்லி, ஏற்கெனவே மேசையில் இருக்கும் 4கே மானிட்டரில் அதைச் செருகினால், குறைந்த வலிமையுள்ள சிப்பின் தலையில் இரட்டைச் சுமையை ஏற்றுகிறோம். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற நுட்பங்கள் குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டி ஓரளவு கைகொடுக்கும். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, வேலரன்ட் போன்றவற்றை மட்டும் விளையாடுபவருக்கு இந்தக் கவலையே வேண்டாம். சைபர்பங்க் 2077-ஐ ரே டிரேசிங்கோடு (ஒளியின் போக்கைக் கணக்கிட்டு வரையும் முறை) 4கே தெளிவில் ஓட்ட நினைப்பவர்தான் இந்தக் கணக்கை இருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

மானிட்டரைச் செருகும் துளையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல மடிக்கணினிகளில் கிராபிக்ஸ் சிப் வரைந்த படம் நேராகத் திரைக்குப் போவதில்லை; பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பிராசசருக்குள் இருக்கும் சிறு கிராபிக்ஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. பிரேம், அதாவது நொடிக்கு வரையப்படும் படங்களின் எண்ணிக்கை அதிகமாகும் வேகமான கேம்களில் இந்தச் சுற்றுவழியின் இழப்பு நன்றாகவே தெரியும். மக்ஸ் ஸ்விட்ச் என்ற வசதி இருந்தால் இந்தச் சுற்றுவழியைத் துண்டித்துவிடலாம்; உயர்விலை மடிக்கணினியில் அது இல்லையென்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். வெளி மானிட்டர் விஷயத்தில், ஒரே மடிக்கணினியில் எச்டிஎம்ஐ துளை நேராகப் பெரிய சிப்போடும், யுஎஸ்பி-சி துளை சிறு கிராபிக்ஸோடும் இணைக்கப்பட்டிருப்பது உண்டு. என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஃபிசிக்ஸ் அமைப்புக்கான பக்கத்தைத் திறந்தால், எந்தத் திரை எந்தச் சிப்போடு இணைந்திருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும். கேபிளை ஒவ்வொரு துளையிலும் மாற்றிச் செருகி, பெரிய சிப்பின் கீழ் மானிட்டர் தோன்றும் துளையை அடையாளம் கண்டு அதையே நிரந்தரமாகப் பயன்படுத்துங்கள். ஐந்து நிமிட வேலைதான் இது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, பேட்டரியில் விளையாடலாம் என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுவது நல்லது. விமானத்தில் தனி அனுமதியின்றி எடுத்துச் செல்லக்கூடிய பேட்டரியின் வரம்பு 100 வாட்-மணி என்பதால் தயாரிப்பாளர்கள் 99.9-ஐத் தாண்டுவதில்லை. மொத்தம் 200 வாட் இழுக்கும் கணினிக்கு அது அரை மணி நேரத் தீனி. உண்மையில் அந்த வேகத்தில் பேட்டரியால் மின்சாரம் தரவும் முடியாது; ஆகவே சார்ஜரைப் பிடுங்கியதும் கணினி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. 100 வாட் யுஎஸ்பி-சி சார்ஜர் எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் போதும். கேமுக்கு 280 அல்லது 330 வாட் கொண்ட, செங்கல் போன்ற அடாப்டரையும் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும். எடையைக் கணக்கிடும்போது அதையும் சேர்த்து நிறுத்துப் பாருங்கள்.

சூடும் சத்தமும் ஒரே விஷயத்தின் இரு முகங்கள். மேசைக்கணினியில் 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறிகள் நிதானமாகச் சுற்றியே நிறையக் காற்றைத் தள்ளிவிடுகின்றன. மடிக்கணினியின் சிறிய விசிறிகள் அதே வேலைக்குப் பல மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டியிருப்பதால் கீச்சென்ற இரைச்சல் எழுகிறது. ஹெட்போன் மாட்டிக்கொள்பவருக்கு அது தொந்தரவில்லை. அதே அறையில் தூங்குபவருக்குத் தொந்தரவுதான். இதைக் குறைக்க நீங்கள் செய்யக்கூடியவை எளியவை. கணினியின் பின்பக்கத்தை ஓரிரு அங்குலம் உயர்த்தி, அடியில் காற்று நுழைய வழி செய்யுங்கள். மெத்தையிலோ துணி விரிப்பிலோ வைக்காதீர்கள். திரை 240 ஹெர்ட்ஸ் என்பதற்காக 240 பிரேம்களையும் துரத்தாமல், கதை சார்ந்த கேம்களில் 80 அல்லது 90 பிரேமுக்கு வரம்பு வைத்துவிடுங்கள். சிப் எடுக்கும் வாட் குறையும், அதோடு இரைச்சலும் அடங்கும். எப்போதும் சார்ஜரிலேயே இருக்கப் போகும் கணினி என்பதால், தயாரிப்பாளரின் மென்பொருளில் பேட்டரி சார்ஜை 80 விழுக்காட்டோடு நிறுத்தி வையுங்கள். பேட்டரி உப்பிப்போகும் வாய்ப்பு குறையும். தூசியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை வெளியேற்றுங்கள்.

மேசைக்கணினியை விட்டுக்கொடுப்பதில் மிகப் பெரிய இழப்பு வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், பிற்காலத்தில் உதிரிகளை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை இழப்பதுதான் அதைவிடப் பெரிது. 2017-இல் ஏஎம்டியின் முதல் ரைசன் பிராசசரோடு மதர்போர்டு வாங்கியவர்களில் பலர், 2022-இல் வெளிவந்த 5800எக்ஸ்3டி பிராசசரை அதே போர்டில் பொருத்திக்கொண்டார்கள். போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு ஓர் அப்டேட் மட்டுமே தேவைப்பட்டது. ஐந்தாண்டுப் பழைய கணினி ஒரு மாலையில் புத்துயிர் பெற்றது. மடிக்கணினியில் பிராசசரும் கிராபிக்ஸ் சிப்பும் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். கிராபிக்ஸ் பகுதியைக் கழற்றி மாற்றக்கூடிய ஃபிரேம்வொர்க் லேப்டாப் 16 போன்றவை அரிதான விதிவிலக்குகள். ஆகவே மடிக்கணினி வாங்கும் அன்றைக்கே அதன் ஆயுள் முழுவதற்கும் யோசித்து வாங்க வேண்டும். ரேம் பற்றவைக்கப்பட்ட வகை என்றால் 32 ஜிபிக்குக் குறையாமல் எடுங்கள். எஸ்எஸ்டிக்கு இரண்டாவது எம்.2 துளை இருக்கிறதா என்று பாருங்கள். கிராபிக்ஸ் நினைவகத்தைத் தனியாகக் கவனியுங்கள்: மேசைக்கணினியின் 4070-இல் 12 ஜிபி இருந்தபோது மடிக்கணினியின் 4070-இல் 8 ஜிபிதான் இருந்தது. இன்றைய பெரிய கேம்களில் உயர்தர டெக்ஸ்சர்களை (பொருட்களின் மேற்பரப்புப் படங்கள்) வைத்தால் 8 ஜிபி நிரம்பி வழிந்துவிடுகிறது. அப்போது சிப்பில் வலிமை மிச்சமிருந்தும் காட்சி திணறும்.

பின்னாளில் வெளிப்புறக் கிராபிக்ஸ் பெட்டி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். அதை மடிக்கணினியோடு இணைக்கும் தண்டர்போல்ட் 4 கேபிளின் மொத்த வேகமே நொடிக்கு 40 ஜிகாபிட். மேசைக்கணினியில் கார்டு அமரும் 16 பாதை பிசிஐஇ 4.0 துளையோ 250 ஜிகாபிட் அளவுக்குத் திறன் கொண்டது. வெளிப்பெட்டி வரைந்த படத்தை அதே கேபிள் வழியாக மடிக்கணினியின் திரைக்கே திருப்பிக் கொண்டுவந்தால் இழப்பு இன்னும் கூடும். தவிர, மேசையில் மறுபடியும் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்துவிடுகிறது.

உயர்விலை என்றதும் மேக்புக் ப்ரோவை நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். அமைதியிலும், பேட்டரியில் ஓடும்போதும் வேகம் குறையாத தன்மையிலும் அதை மிஞ்சுவது கடினம். பால்டர்ஸ் கேட் 3, சைபர்பங்க் 2077 போன்ற பெரிய கேம்கள் அதில் நேரடியாகவே ஓடுகின்றன. ஆனால் ஆப்பிளின் சொந்தச் சிப் வந்த பிறகு பூட் கேம்ப் மூலம் விண்டோஸ் நிறுவும் வழி அடைபட்டுவிட்டது; வேலரன்ட் போன்ற கேம்கள் மேக்கில் வருவதே இல்லை. உங்களிடம் இருக்கும் கேம்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே அந்தப் பக்கம் போங்கள்.

மாதத்துக்கு இரண்டு மூன்று முறையாவது இடம் மாறுபவராக இருந்து, தன் திரையிலேயே விளையாடுபவராகவும் இருந்தால், நல்ல வாட் அளவும் 12 ஜிபிக்கு மேல் கிராபிக்ஸ் நினைவகமும் கொண்ட சற்றுத் தடித்த மடிக்கணினி அவருக்கு முழு மாற்றாக அமையும். மேசையைவிட்டு அதை நகர்த்தவே போவதில்லை என்பவர் அந்தப் பணத்தை மேசைக்கணினியிலேயே போடட்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு நான் பெரும்பாலும் சொல்வது, மேசைக்கணினியை வைத்துக்கொண்டு இலகுவான சாதாரண மடிக்கணினி ஒன்றை வாங்குங்கள் என்பதே. கேம் காட்சியை வீட்டு நெட்வொர்க் வழியாக அனுப்பும் சன்ஷைன் மென்பொருளை மேசைக்கணினியிலும், அதை வாங்கிக் காட்டும் மூன்லைட்டை மடிக்கணினியிலும் நிறுவி, மேசைக்கணினியை லேன் கேபிளால் ரௌட்டரோடு இணைத்துவிட்டால், வீட்டின் எந்த அறையிலிருந்தும் பெரிய கணினியின் வலிமையில் விளையாடலாம். மடியில் சூடும் இருக்காது, இரைச்சலும் இருக்காது.

மடிக்கணினியே வேண்டும் என்று முடிவு செய்து வாங்கிவிட்டால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். அதனோடு வந்த அடாப்டரையே செருகி, நீங்கள் எப்போதும் அமரும் இடத்தில், எப்போதும் பயன்படுத்தப் போகும் திரையில், உங்களிடம் உள்ள மிகக் கனமான கேமை முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். ஐந்தாவது நிமிடத்தில் கிராபிக்ஸ் சிப்பின் வாட், வேகம், வெப்பநிலை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, நாற்பதாவது நிமிடத்தில் மறுபடியும் குறியுங்கள். வாட் எண் ஏறத்தாழ அப்படியே நின்றால் கணினியை வைத்துக்கொள்ளலாம். கால்வாசி குறைந்திருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். இந்தச் சோதனையில் தேறும்வரை பழைய மேசைக்கணினியை விற்காதீர்கள்.